முடி வேண்டாத பவாஹி அம்மையார்

பசிபிக் மாகடலின் படத்தை விரித்து நோக்குவார்க்கு, அமெரிக்கக் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 2,400 மைல் தொலைவில், எள்ளைத் தூவினாற் போன்ற சில புள்ளிகள் தென்படும். அவையே ஹவாயித் தீவுகள். இன்று அவை அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒரு மாநிலமாய் அமைந்துள்ளன. ஆயின் 1893-ஆம் ஆண்டுவரை தமக்கெனக் கொடியும் கோலும் கொண்டு, முடிவேந்தரால் ஆளப்பெற்ற தனிநாடாய் அவை விளங்கின. அந்நாட்டின் அரியணை தம்மைத் தேடி வந்த காலத்தும் அதனை வேண்டாவென்று விலக்கி, பின்னர்த் தம் உடைமை அனைத்தையும் ஏழைச் சிறுவர் சிறுமியரின் கல்விக்கென வைத்துச் சென்றார் ஓர் அரசிளங்குமரி. பெர்னீஸ் பவாஹி பிஷப் என்னும் அவ்வம்மையாரின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன். பிஷப் என்பது அவர்தம் கணவரின் குடும்பப் பெயரேயன்றித் திருச்சபைப் பதவியன்று என்பதை முதற்கண் சொல்லிவிடுதல் நன்று. யானும் முதலில் மயங்கினவனே.

பவாஹி 1831-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 19-ஆம் நாள் ஹொனலூலு நகரில் பிறந்தார். தந்தையார் பாக்கி, தாயார் கோனியா. சிதறிக் கிடந்த தீவுகளை 1810-ல் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த முதலாம் கமேஹமேஹா மன்னரின் கொள்ளுப் பேத்தி இவர். அந்நாட்டு வழக்கம் ஒன்றை இங்கே அறிதல் வேண்டும். பெற்ற மகவைத் தாமே வளர்க்காது நெருங்கிய உறவினர் கையில் ஒப்புவித்தலை அவர்கள் ஹானாய் என்பர். அஃது அன்பின்மையால் வந்ததன்று. குலங்களை ஒன்றோடொன்று பிணிக்கும் கட்டு அது. அம்முறைப்படியே பவாஹி, மன்னரோடு ஒப்ப ஆட்சியில் பங்கு கொண்டிருந்த கினாவு என்னும் பெருமாட்டியின் மடியில் வளர்ந்தார். அங்ஙனமே 1838-ல் பிறந்த லிலியுவோகலானி என்னும் மற்றொரு மகவு பாக்கி, கோனியா இருவரிடமும் வந்து சேர்ந்தது. இதனால் இவ்விருவரும் உடன்பிறவா உடன்பிறப்பினர் ஆயினர். ஒருத்தி முடியை மறுத்தவர். மற்றொருத்தி முடிசூடி, அதனைப் பிறரால் இழந்தவர். ஒரே வீட்டிற் பிறழ்ந்த இவ்விரண்டு ஊழும் எண்ணுந்தோறும் வியப்பளிக்கின்றன.

அமெரிக்க நற்செய்தித் தொண்டர்கள் 1820-ல் அத்தீவுகளில் வந்திறங்கினர். எழுத்தின்றி வாய்வழியே வாழ்ந்த ஹவாயி மொழிக்கு அவர்கள் எழுத்து வகுத்தனர். உயிர் ஐந்து, மெய் ஏழு. ஆகப் பன்னிரண்டே எழுத்துக்கள். நம் தமிழில் உயிரெழுத்து மட்டுமே பன்னிரண்டு என்பதை நினைக்க, அம்மொழியின் எளிமை புலனாகும். மக்கள் எழுத்தைக் கண்டு அஞ்சவில்லை. பேரவாவுடன் பற்றிக் கொண்டனர். குழந்தைகளோடு கிழவரும் கிழவியரும் பள்ளியில் வந்தமர்ந்தனர். 1839-ல் வேதாகமம் முழுவதும் ஹவாயி மொழியில் அச்சாயிற்று.

அவ்வாண்டிலேயே அரசகுலப் பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளி ஒன்று ஹொனலூலுவில் தொடங்கப்பெற்றது. ஆமோஸ் குக் என்பாரும் அவர் மனைவியார் ஜூலியட் அம்மையாரும் அதன் ஆசிரியர். கினாவு அம்மையார் அதே ஆண்டில் இறந்தமையின், எட்டு வயதை எட்டாத பவாஹி அப்பள்ளியைச் சேர்ந்தார். அங்குப் பயின்றோர் தொகை பதினாறே. பதினாறு பேரும் அரியணைக்கு உரியோர் என மன்னரால் அறிவிக்கப்பெற்றவர். அவருள் ஐவர் பிற்காலத்தில் ஒருவர் பின் ஒருவராய் நாட்டை ஆண்டனர் எனின், அச்சிறு வகுப்பறையின் பெருமையை என்னென்பது!

ஆயினும் அப்பள்ளி வாழ்வு இனித்தது என்று சொல்லுவதற்கில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏவல் செய்யப் பலர் பின்தொடர்ந்து வந்தனர். ஆசிரியர் அவரை வாயிலினின்றே திருப்பியனுப்பினர். நாற்புறமும் அறைகள் சூழ்ந்த அக்கட்டிடத்தில் மணியடிக்க எழுதலும், மணியடிக்க உண்ணலும், ஆங்கிலத்தில் பாடங்கேட்டலும் அப்பிள்ளைகளுக்குப் புதியவை. இரவில் அரைவயிறு உண்டு படுத்த துயரை லிலியுவோகலானி தாம் எழுதிய வரலாற்றில் மறவாது குறித்துள்ளார். பவாஹியோ அப்பள்ளியைத் தம் வீடாகவே கொண்டார். இசையிலும் தையலிலும் நூற்பயிற்சியிலும் முதன்மை பெற்றார். ஜூலியட் அம்மையாரைத் தாயாகக் கருதினார். ஒரே உணவு ஒருவர்க்குக் கைப்பதும் ஒருவர்க்கு இனிப்பதும் உண்டு. எவ்வாறாயினும், பள்ளி என்பது ஒரு பிள்ளையைப் பழைய வாழ்வினின்று பெயர்த்து வேறொரு வாழ்வில் நடும் ஆற்றலுடையது என்பதைத் தம் உடம்பிலேயே கண்டவர் பவாஹி. பின்னர் அவர் எழுதிய உயிலுக்கு வித்து இங்கேதான் விழுந்தது என்பது என் கருத்து.

கினாவின் மகனும் பவாஹியின் உடன்பயின்றவருமான லாட் என்னும் அரசிளங்குமரனுக்கே அவரை மணமுடிப்பது எனப் பெற்றோர் இளமையிலேயே உறுதி செய்திருந்தனர். அதற்கிடையில் சார்ல்ஸ் ரீட் பிஷப் என்னும் இளைஞர் 1846-ல் ஹொனலூலுவில் வந்திறங்கினார். நியூயார்க்கு நாட்டுப்புறத்தினர், ஆரிகன் சென்று பொருளீட்டக் கப்பலேறியவர், இடையில் இறங்கிய தீவிலேயே தங்கிவிட்டார். குலமும் செல்வமும் இல்லாத அவ்வயலாரையே பவாஹி விரும்பினார். பெற்றோர் சினந்தனர், உற்றார் இடித்துரைத்தனர். லாட்டோ, தம்மை விரும்பாத ஒருத்தியைக் கட்டாயப்படுத்த மனமின்றி, அவரைச் சொல்லினின்று விடுவித்தார். 1850-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், குக் ஆசிரியரின் வீட்டுக்கூடத்தில், சிலர் மட்டுமே சூழ்ந்திருக்க, திருமணம் நடந்தேறியது. பாக்கியும் கோனியாவும் அங்கு வரவில்லை. மணமகளுக்கு அப்போது வயது பதினெட்டு. லாட் கடைசிவரை மணம் செய்துகொள்ளவே இல்லை.

பெற்றோரின் சினம் நெடுநாள் நிற்கவில்லை. 1855-ல் பாக்கி இறந்தபின், ஹலேயாகலா என்னும் பெயருடைய அவரது மாளிகை மகளுக்கே வந்தது. பிஷப் துரை சுங்கத்துறை அலுவலராய் இருந்து, 1858-ல் வங்கி ஒன்று தொடங்கிப் பெருஞ்செல்வர் ஆனார். நாட்டின் கல்விச் சபைக்குத் தலைவராகவும் பணியாற்றினார். அம்மாளிகையில் ஒரு புளியமரம் நின்றது. மகள் பிறந்தபோது பாக்கி நட்ட மரம் அது. நம் நாட்டில் புளியமரத்தடியைப் பேய்க்கு உரியதாக்கிவிட்டோம். பவாஹி அம்மையாரோ அம்மரத்தடியில் அமர்ந்து, தம்மைத் தேடி வந்த எளிய மக்களின் குறை கேட்டார் என்பர். வழக்குடையாரும், நிலமிழந்தாரும், பிள்ளையின் போக்கிற்கு வருந்துவாரும் அங்கு வந்தனர். ஞாயிறுதோறும் கவாயஹாவோ ஆலயத்தில் பிள்ளைகளுக்கு வேதபாடம் கற்பித்தலும் அம்மையாரின் வழக்கம்.

அவர்க்கு மகப்பேறு இல்லை. லாட் மன்னரின் உடன்பிறப்பாகிய ரூத் கேயெலிகோலானி என்னும் இளவரசி, தாம் ஈன்ற ஆண்மகவை ஹானாய் முறைப்படி அம்மையாரிடம் தந்தார். அக்குழந்தையும் ஓராண்டு நிரம்பாமுன் 1863-ல் இறந்தது.

ஒரு வீட்டின் துயர் இது. நாட்டின் துயரோ சொல்லில் அடங்காது. அயல்நாட்டுக் கப்பல்கள் கொணர்ந்த நோய்களைத் தாங்கும் வன்மை அத்தீவு மக்களின் உடலுக்கு இல்லை. 1848, 1849-ஆம் ஆண்டுகளில் மணல்வாரியும் கக்குவானும் சளிக்காய்ச்சலும் ஒருங்கே வந்து ஆயிரக்கணக்கானோரை வாரிச்சென்றன. அரசகுலப் பள்ளியிற் பயின்ற மோசஸ் என்னும் இளவரசரும் அவருள் ஒருவர். 1853-ல் பெரியம்மை வந்தது. பவாஹி பிறந்ததையடுத்து, 1832-ல் நற்செய்தித் தொண்டர்கள் எடுத்த கணக்கின்படி அத்தீவுகளில் இருந்தோர் 1,30,313 பேர். அவர் இறந்த 1884-ஆம் ஆண்டின் கணக்கில், கலப்பினத்தாரையும் சேர்த்து, ஹவாயி மக்கள் 44,232 பேரே. ஐம்பத்திரண்டு ஆண்டு வாழ்ந்த ஒருவர் தம் இனத்தார் மூவருள் இருவர் மறையக் கண்டார். இவ்வெண்களை மனத்திற் கொள்ளாமல் அவ்வம்மையாரின் செயலை அளத்தல் இயலாது.

இனி முடி வந்த கதைக்கு வருவோம். லாட் 1863-ல் ஐந்தாம் கமேஹமேஹா என்னும் பெயருடன் அரியணை ஏறினார். ஒன்பது ஆண்டு ஆண்டபின், 1872-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், தம் நாற்பத்திரண்டாம் பிறந்த நாளிலேயே, மரணப் படுக்கையில் இருந்தார். அவர்க்கு மகவில்லை, பின்னவர் யார் என அறிவிக்கப்பெறவும் இல்லை. கட்டிலைச் சூழ்ந்து நின்றோருள் பவாஹியும் ஒருவர். மன்னர் அவரை நோக்கி, தமக்குப்பின் நாட்டை ஏற்குமாறு வேண்டினார். இளமையில் தம்மை மறுத்தவரிடம், சாகுங்காலத்தில் தம் நாட்டையே கொடுக்க முன்வந்த அவ்வரசரின் உள்ளத்தையும் நாம் மறத்தலாகாது. பவாஹி மறுத்தார். தமக்கு அது வேண்டா என்றும், மன்னரின் உடன்பிறப்பாகிய ரூத் இருக்கின்றாரே என்றும் சொன்னார். மன்னர் அதற்கு இசையவில்லை. வேறெவரையும் குறியாமலே சிறிது நேரத்தில் உயிர்நீத்தார். கமேஹமேஹா மரபின் ஆட்சி அன்றோடு முடிந்தது. அதன்பின் மன்னர்கள் தேர்தல் வழியே அமர்ந்தனர்.

ஏன் மறுத்தார்? அவர் காரணம் எழுதிவைக்கவில்லை. தமிழ் பயிலும் எனக்குத் தமையன் பொருட்டு அரசு துறந்த இளங்கோவடிகள் நினைவுக்கு வருகின்றார். ஆயின் ஒப்புமை முழுதும் பொருந்தாது, அடிகள் துறவு பூண்டார், பவாஹி இல்லறத்தை விடவில்லை. அயல்நாட்டார் ஒருவரின் மனைவி அரியணை ஏறின் நாட்டை அயலார்க்குத் திறந்துவிட்டதாகும் என அவர் அஞ்சியிருக்கலாம். அமைதியான தம் வாழ்வை விட மனமில்லாதும் இருந்திருக்கலாம். அவர் அன்று அரசியாகியிருந்தால் 1893-ல் நேர்ந்தது நேர்ந்திராது என்பாரும் உளர். அம்மறுப்பைக் குற்றமற்ற தியாகம் என்று மட்டும் புகழ்ந்து போவது எளிது; எனக்கோ அதில் ஒரு நெருடல் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

முடியை மறுத்தவரை நிலம் தேடி வந்தது. அதனைத் தந்தவர் ரூத் இளவரசியே. இவர் தன்மையை ஒருவாறு சொல்லுதல் வேண்டும். உயர்ந்து பருத்த மேனியர். பழைய தெய்வங்களைக் கைவிடாதவர். ஆங்கிலம் அறிந்திருந்தும் பேச மறுத்து, தம்மிடம் பேச வருவோர் மொழிபெயர்ப்பாளரை உடன் கொணருமாறு செய்தவர். 1881-ல் எரிமலைக் குழம்பு ஹீலோ நகரை நெருங்கியபோது, அவர் நேரிற் சென்று தீக்கடவுளாம் பேலேயை வேண்ட, குழம்பு நின்றது என்று அவ்வூரார் இன்றும் சொல்வர். கமேஹமேஹா குடியின் நிலங்கள், ஒருவர்பின் ஒருவர் இறக்க இறக்க, அவர் கையில் வந்து குவிந்திருந்தன. 1883-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் அவர் இறந்தபோது, ஏறத்தாழ 3,53,000 ஏக்கர் நிலத்தையும் பவாஹிக்கே வைத்துச் சென்றார். முன்னிருந்தவற்றோடு கூட, தீவுகளின் மொத்த நிலத்தில் நூற்றுக்கு ஒன்பது பங்கு அம்மையாருடையதாயிற்று.

ஐந்து திங்கள் கழிந்தன. 1883-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் பவாஹி தம் உயிலில் கையொப்பமிட்டார். உற்றார்க்கும் பணியாளர்க்கும் சிலவற்றை ஒதுக்கியபின், எஞ்சிய நிலமும் பொருளும் இரண்டு பள்ளிகளுக்கு உரியன என அதன் பதின்மூன்றாம் பகுதி விதித்தது. ஒன்று ஆண்பிள்ளைகளுக்கு, ஒன்று பெண்பிள்ளைகளுக்கு. விடுதியில் தங்குவோரும் வீட்டினின்று வருவோரும் பயிலலாம். பெயர் கமேஹமேஹா பள்ளிகள். தம் பெயரை அவர் இடவில்லை. பொருளிற் பாதிக்கு மேல் கட்டிடத்திற்குச் செலவிடலாகாது. எஞ்சியதன் வருவாயால் பள்ளி என்றும் நடைபெற வேண்டும். ஆண்டு வருவாயில் ஒரு பகுதியை ஆதரவற்றோர்க்கும் ஏழைகட்கும் செலவிட வேண்டும். அதில் ஹவாயிக் குருதியுடையார்க்கு முதலிடம். உயர்கல்வியைவிட, நல்லவராயும் உழைப்பாளிகளாயும் வாழப் பயன்படும் அறிவே முதற்கண் புகட்டப்பெற வேண்டும். பாடங்கள் பொதுவான ஆங்கிலக் கல்விப் பிரிவுகளாய் அமைதல் வேண்டும்; ஆசிரியர் என்றும் புராட்டஸ்டண்டு சமயத்தினராய் இருத்தல் வேண்டும். இவற்றை நிறைவேற்ற ஐவர் தருமகர்த்தராய் நியமிக்கப்பெற்றனர். கணவர் அவருள் ஒருவர்.

கல்விக் கொடைகளின் வரலாற்றில் ஆண்களுக்குப் பள்ளி வைத்து, பெண்களை மறந்துவிட்டோர் மிகப் பலர். இரண்டையும் ஒரே வரியில் வைத்தார் பவாஹி.

அதற்குள் புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. 1884-ல் சான்பிரான்சிஸ்கோ சென்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார், பயன் நிலைக்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில், படுக்கையிலிருந்தே, உயிலுக்கு இருமுறை திருத்தம் இணைத்தார். 16-ஆம் நாள், ரூத் தமக்கு வைத்துச் சென்ற கேயோவா மாளிகையில் உயிர்நீத்தார். அம்மாளிகையே சில ஆண்டுகளுக்குப்பின் ஊர்ப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளியாயிற்று. அவர் உடல் மவுனா ஆலா என்னும் அரசர் இடுகாட்டில் அடக்கம் பெற்றது.

கணவர் தளரவில்லை. உயிற்பொருள் நிலமாய்க் கிடந்ததேயன்றிக் காசாய் இல்லாமையின், தம் கைப்பொருளையும் சேர்த்து வேலையைத் தொடங்கினார். 1887-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆண்கள் பள்ளி திறக்கப்பெற்றது. மறு ஆண்டு சிறு பிள்ளைகளுக்கான வகுப்பும், 1889-ல் மனைவியார் பெயரால் அரும்பொருட்காட்சி நிலையமும் அவர் செலவில் எழுந்தன. பெண்கள் பள்ளிக்கோ நெடுங்காலம் பிடித்தது. அதற்கிடையே நாடே போயிற்று: 1893 சனவரியில் அயல்நாட்டு வணிகர் சிலர் அமெரிக்கக் கடற்படையினர் கரையிறங்கிய துணையுடன் லிலியுவோகலானி அரசியாரை அரியணையினின்று இறக்கினர். 1894-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள், பவாஹியின் பிறந்த நாளில், பெண்கள் பள்ளி ஐடா மே போப் என்னும் அம்மையாரின் தலைமையில் தொடங்கியபோது, அதற்குக் காப்பாக நிற்க ஹவாயி அரசு என ஒன்று இல்லை. உயிலில் எழுதிய நிலம் மட்டும் நின்றது. முடியினும் பள்ளி நெடிது நிற்கும் என்று அவர் எண்ணிப் பார்த்துச் செய்தாரோ, அறியேன், நடந்தது அதுவே.

இங்கே ஒன்றைச் சொல்லாது மேற்செல்ல என் மனம் இசையவில்லை. ஆங்கிலம் பேச மறுத்த ரூத்தின் நிலத்தில், ஆங்கிலமே பேசும் பள்ளி எழுந்தது. 1896-ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுப் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கிற்று. கமேஹமேஹா பள்ளிகளிலும் பிள்ளைகள் தாய்மொழி பேசுதல் தடுக்கப்பெற்றது. தச்சும் கொல்லும் அச்சும் கற்ற இளைஞர்கள் பிழைக்க வழி கண்டனர். பாட்டியோடு பேச வழி இழந்தனர். தாய்மொழி இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாய் எடுத்துப் பயிலும் நற்பேறு எனக்கு வாய்த்திருக்கின்றது. ஆகலின் இப்பகுதியைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. அம்மையாரைக் குறைகூற என் நா எழவில்லை. மாய்ந்துகொண்டிருந்த மக்கள் உயிர் பிழைத்தலே அன்று அவர் கண்முன் நின்ற கேள்வி. எனினும் அவர் தந்த மருந்தில் நஞ்சும் ஒரு துளி கலந்திருந்தது. வியப்பு யாதெனின், பேசத் தடையிருந்த அப்பள்ளியிலேயே 1921 முதல் ஆண்டுதோறும் ஹவாயி மொழிப் பாட்டுப் போட்டி நடந்துவந்தது. மொழி வாயிலில் தடுக்கப்பெற்று, பலகணி வழியே உள்ளே வந்தது. 1978-ல் ஹவாயி மொழி அம்மாநிலத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. இன்று கமேஹமேஹா பள்ளிகளிலும் அது கற்பிக்கப்பெறுகின்றது.

கொடை பெருகப் பெருகக் கேடும் சூழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலத்தின் மதிப்பு பன்மடங்கு ஏற, தருமகர்த்தர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து லட்சம் டாலர் ஊதியம் பெற்றனர். பள்ளி நிர்வாகமும் சீர்குலைந்தது. 1997-ல் பழைய மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் வெயிலில் திரண்டு தெருவில் நடந்தனர். இரண்டாண்டுக்குள் அவ்வைவரும் பதவி நீங்கினர். நம் கல்லூரிப் பழைய மாணவர் இச்செய்தியைச் சற்றே ஊன்றிப் படிப்பாராக. ஆசிரியர் சமயம் பற்றிய விதி 1993-ல் நீதிமன்றத்தில் தோற்றது. ஹவாயிக் குருதியுடையார்க்கு முதலிடம் தரும் சேர்க்கை முறையோ, 2006-ல் நீதிபதியருள் எண்மர் ஒருபுறமும் எழுவர் மறுபுறமுமாய் நிற்க, ஒரே வாக்கில் தப்பிற்று.

இன்று ஒவாஹு, மாவுயி, ஹவாயி என்னும் மூன்று தீவுகளில் அப்பள்ளிகள் நடைபெறுகின்றன. டிசம்பர்த் திங்களில் நிறுவனர் நாள் வரும்போது, மாணவர் மலர்மாலை ஏந்தி மவுனா ஆலா சென்று பவாஹியின் கல்லறையில் சாத்துகின்றனர். அந்நாளில் பாடப்பெறும் பாட்டு, லிலியுவோகலானி தம் அக்கையார்க்காக இளமையில் இயற்றியது. அது ஹவாயி மொழியில் உள்ளது.